விவசாயிக்கு ஏற்ற சட்டைப்பை டார்ச் விளக்கு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த மாரண்டஹள்ளிப் பகுதியில், பஞ்சப்பள்ளி சின்னாறு அணையின் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் கொண்டு தென்னை, நெல், கரும்பு, தக்காளி, மல்பெரி முதலியன பயிரிடப்படுகின்றன. மானாவாரி நிலங்களில் ராகியும் நிலக்கடலையும் உண்டு. இவற்றுள் எந்தப் பயிரை எடுத்துக்கொண்டாலும் இரவு வேலை இல்லாத பயிர் என்று ஒன்றைச் சொல்ல இயலாது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை மாற்ற வேண்டும். பட்டுப்புழு மனையில் இரவுத் தழை போட வேண்டும். பூச்செடி வைத்திருப்பவர்கள் பொழுது விடியுமுன் பறித்து, முதல் பேருந்தில் சந்தைக்கு அனுப்ப வேண்டும். தக்காளி அறுவடைக் காலத்தில் கூடைகளை ஏற்றி முடிக்கையில் நள்ளிரவு தாண்டிவிடுகிறது.

இவ்வாறு வெளியே இறங்குபவர் வீட்டில் பெரும்பாலும் நல்ல வெளிச்சம் தரும் பெரிய டார்ச் விளக்கு ஒன்று இருக்கவே செய்கிறது. ஆனால் அது சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது சார்ஜில் போடப்பட்டிருக்கும். "மடையைத் திருப்பிவிட்டு இதோ வந்துவிடுகிறேன்" என்று வெறுங்கையோடு இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆபத்து காத்திருக்கிறது. ஆகவே விவசாயிகள் டார்ச் வாங்கும்போது, எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கேட்பதற்கு முன், இது நாள் முழுவதும் என் உடம்போடு இருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு இருக்கக்கூடிய சிறிய விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவ்வாரம் பார்ப்போம்.

பாம்புக்கடியும் வெளிச்சமும்

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். ஏறத்தாழப் பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் இதனை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நம் பகுதியில் உயிர்ச்சேதம் விளைவிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் எலியைத் தேடி வரப்போரம் வருகிறது. கண்ணாடி விரியனின் உடல் நிறம் காய்ந்த கரும்புச் சோகை, தென்னை மட்டை ஆகியவற்றின் நிறத்தோடு ஒட்டிப் போவதால், வெளிச்சமின்றி அதனைக் கண்டுகொள்ள வழியே இல்லை. மிதித்த பிறகுதான் தெரியும். இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். டார்ச் ஒளியைக் கண்டு பாம்பு ஓடிவிடாது. வெளிச்சம் பாம்பை விரட்டுவதற்கு ஆனதன்று. நாம் அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதற்கானது. விளக்கோடு காலில் முழங்கால் அளவு ரப்பர் பூட்சும் இருந்தால் பாதுகாப்பு பன்மடங்காகும்.

"செல்போனில்தான் லைட் இருக்கிறதே" என்று பலரும் கேட்கிறார்கள். செல்போன் ஒளி படம் எடுப்பதற்காக அமைக்கப்பட்டது. குவிக்கும் கண்ணாடிக் குழிவு இல்லாததால் நாலாபுறமும் சிதறி, நான்கைந்து மீட்டருக்கு அப்பால் மங்கிவிடுகிறது. ஈரக்கையில் வழுக்கிக் கிணற்றிலோ சேற்றிலோ விழுந்தால் நட்டம் பெரிது. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரவில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டியது அந்தச் செல்போன்தான். அதன் பேட்டரியை வெளிச்சத்துக்குச் செலவழித்துவிட்டு, கடிபட்டவர் அருகில் அணைந்த போனோடு நிற்பது என்பது எண்ணிப் பார்க்கவும் கூடாத நிலை. கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

பழைய டார்ச்சில் இரண்டு பெரிய கட்டைகளைப் போட்டால், உள்ளே இருந்த இழை பல்பு ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 10 லூமென் ஒளிதான் தந்தது. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகின்றன. நீல ஒளி எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது, வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறந்தது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான். அக்காலத்தில் அரைக் கிலோ எடையுள்ள டார்ச் தந்த ஒளியைவிடப் பன்மடங்கு ஒளியை இன்று விரலளவு விளக்கு தருவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்த முன்னேற்றத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, சந்தையில் விற்கப்படும் பல விளக்குகளின் பெட்டியில் வாய்க்கு வந்த எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள். விவசாயிகள் இதனை ஒரு சிறு கணக்கால் சரிபார்த்துக்கொள்ளலாம். பேட்டரியின் வோல்ட்டை அதன் ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதனை 100-ஆல் பெருக்கினால், அந்தப் பேட்டரியிலிருந்து அதிகபட்சம் எத்தனை லூமென்-மணி ஒளி பெறலாம் என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, 3.6 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள ஒரு லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 3.6 ஐ 3 ஆல் பெருக்கினால் 10.8 வாட்-மணி. அதாவது சுமார் 1000 லூமென்-மணி. இதனை 1000 லூமெனில் எரித்தால் ஒரு மணி நேரம், 100 லூமெனில் எரித்தால் 10 மணி நேரம். ஆகவே இந்த ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு "1000 லூமென், 10 மணி நேரம்" என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது நடக்கக்கூடிய காரியமன்று என்று கடையிலேயே சொல்லிவிடலாம்.

நேர்மையான தயாரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் 2009-ல் எஃப்.எல்-1 என்ற தரவிதி வகுக்கப்பட்டது. அதன்படி, எரியும் நேரம் என்பது தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம். ஆகவே 500 லூமென், 6 மணி என்று போட்டிருந்தால் ஆறு மணி நேரமும் 500 லூமென் வரும் என்று பொருளன்று. சிறிய உடல் கொண்ட விளக்கு அதிக வெளிச்சத்தில் விரைவில் சூடாகும். சூட்டைத் தாங்க முடியாமல் சில நிமிடங்களில் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. எனினும் அந்த முதல் சில நிமிட வெளிச்சத்துக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

தூரக் கணக்கும் அப்படித்தான். இதே விதியின்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடமே விளக்கின் வீச்சுத் தூரம். அது தெளிந்த வானில் பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சத்தை ஒத்தது. கேண்டெலா என்ற அளவு தரப்பட்டிருந்தால், அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 2500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீட்டர். அந்த 100 மீட்டரில் ஏதோ நிற்கிறது என்பது தெரியும்; மாடா, காட்டுப் பன்றியா என்று சொல்ல வேண்டுமானால் அதில் பாதித் தூரம், சில வேளை மூன்றில் ஒரு பங்கு தூரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். "இரண்டு கிலோமீட்டர் அடிக்கும்" என்பது எப்படிப்பட்ட பேச்சு என்பதும் இக்கணக்கால் விளங்கும். இரண்டு கிலோமீட்டருக்கு 10 லட்சம் கேண்டெலா வேண்டும். சட்டைப்பை விளக்கில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? வரப்பில் நடக்க 50 முதல் 100 லூமென் தாராளம். பம்பு செட் அறைக்குள் ஸ்டார்ட்டரைப் பார்க்க 20 போதும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நடக்க 5 லூமெனும் அதிகமே. தோப்பின் மறுகோடியைப் பார்க்க 300 முதல் 500 லூமென் அவ்வப்போது சில வினாடிகளுக்குத் தேவைப்படலாம். எனவே மூன்று நிலைகளில் எரியக்கூடிய, தாழ்ந்த நிலை உண்மையிலேயே தாழ்ந்திருக்கிற விளக்கையே பார்த்து வாங்க வேண்டும். தாழ்ந்த நிலையின் அருமையை நம் விவசாயிகள் இன்னும் உணரவில்லை என்றே சொல்ல வேண்டும். இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கிறது. கண்கூசும் வெளிச்சத்தை அருகிலேயே அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தால், அடுத்த பல நிமிடங்களுக்கு முன்னிலும் மோசமான குருட்டு நிலைதான். பட்டுப்புழு மனையில் தாழ்ந்த நிலை கட்டாயம் என்றே கூறலாம். புழுக்கள் 15 முதல் 30 லக்ஸ் வரையான மங்கல் ஒளியையே விரும்புகின்றன. பளீரென்ற ஒளியை அவற்றின் மீது அடிக்கக் கூடாது.

ஒளியின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். மலிவான விளக்குகள் நீலம் பாய்ந்த வெள்ளை ஒளி தருகின்றன. அவ்வொளியில் பழுப்பும் சிவப்பும் வெளிறிச் சாம்பல் நிறமாகத் தெரியும். மண், சருகு, விரியன் மூன்றும் ஒன்றுபோல் தோன்றுவதற்கு இது இடம் கொடுக்கிறது. 4000 முதல் 5000 கெல்வின் வரை குறிப்பிடப்பட்ட, நிறங்காட்டும் குறியீட்டெண் 90-க்கு மேல் உள்ள விளக்கு, லூமெனில் சற்றுக் குறைந்தாலும் வயலுக்கு மேலானது என்பது என் கருத்து. கடையில் இதைச் சோதிக்கச் சுலபமான வழி, உள்ளங்கையில் அடித்துப் பார்ப்பதே. கை உயிருள்ள கையாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. பிணத்தின் கை போல் வெளிறினால் அடுத்ததை எடுக்கச் சொல்லலாம்.

எந்தப் பேட்டரி?

சட்டைப்பை விளக்குகளில் இன்று இரண்டு வகைப் பேட்டரிகளைப் பற்றி யோசித்தால் போதும். ஒன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏ.ஏ. அளவுக் கட்டை. இதன் குறுக்களவு 14.5 மில்லிமீட்டர், நீளம் சுமார் 50 மில்லிமீட்டர். மற்றொன்று 18650 எனப்படும் லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

ஏ.ஏ. கட்டையின் சிறப்பு, அது மாரண்டஹள்ளியிலும் கிடைக்கும், எந்த மலையோரச் சிற்றூரின் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சார்ஜ் ஏற்ற மறந்தாலும் கடைக்குப் போய்ப் புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் வகை ஏ.ஏ. கட்டையையும் அதிலேயே போடலாம். 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள அவ்வகைக் கட்டையில் 2.4 வாட்-மணி உண்டு. நம் கணக்கின்படி 240 லூமென்-மணி. 20 லூமெனில் எரித்தால் 12 மணி நேரம். ஒரு வாரத்து இரவு வேலைக்குப் பலருக்கு இதுவே போதும். சாதாரணக் கட்டைகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. தீர்ந்த கட்டையை விளக்குக்குள்ளேயே விட்டுவைத்தால், அது கசிந்து வெள்ளைப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். நல்ல டார்ச்சுகள் பல இவ்வாறுதான் வீணாகின்றன.

18650 பேட்டரியில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. இரவுக் காவலுக்குப் போகிறவர்களுக்கும், தோப்பு பெரிதாக உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் இதில் மோசடியும் அதிகம். இந்த அளவில் நேர்மையாகச் செய்யக்கூடியது சுமார் 3500 மில்லி ஆம்பியர்-மணிதான். 6800, 9900 என்றெல்லாம் அச்சிட்டிருந்தால் அது பொய்; பெரும்பாலும் உள்ளே 1000 கூட இராது. எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். நல்ல பேட்டரி ஒன்று 45 கிராம் அளவு கனக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு எண் பேட்டரியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த பேட்டரிகளை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போட வேண்டாம். லித்தியம் பேட்டரி தவறினால் தீப்பிடிக்கும். அது இருப்பதோ நெஞ்சுக்கு நேரே சட்டைப்பையில். மற்றும் ஒன்று. ஏ.ஏ. அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று 14500 என்ற பெயரில் கிடைக்கிறது. உருவம் ஒன்றாக இருப்பதால் ஏ.ஏ. விளக்கில் போட்டுவிடுகிறார்கள். விளக்கின் குறிப்பில் 14500 என்று தெளிவாக இருந்தாலன்றி அப்படிப் போடக் கூடாது.

லித்தியம் விளக்குகளில் பெரும்பாலும் செல்போன் சார்ஜரே போதும் என்ற வசதி உண்டு. டைப்-சி துளை என்று பெயர் இருந்தாலும், சில மலிவு விளக்குகள் இருமுனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறா. பழைய தட்டை முனையுள்ள கேபிளில் மட்டுமே ஏறும். வீட்டில் உள்ள கேபிளைக் கடைக்கே எடுத்துச் சென்று செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகும் சார்ஜ் லைட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் இவையே அதிகம். இவற்றுள் பலவற்றில் இருப்பது ஈய-அமிலப் பேட்டரி. தீர்ந்த நிலையில் ஒரு மாதம் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறுவதே இல்லை. வெறும் பணம்தான் வீண் என்றால் பரவாயில்லை. மலிவு வகைகளில் மின்மாற்றியே இல்லாமல், 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாகவே குறைத்துவிடுகிறார்கள். சார்ஜில் இருக்கும்போது அவ்விளக்கின் உட்பாகங்கள் அனைத்திலும் வீட்டு மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். செருகிய நிலையில் எரிய விடுவதோ, உடைந்த மூடியுடன் பயன்படுத்துவதோ, குழந்தைகள் கைக்கு எட்டும் பிளக்கில் மாட்டுவதோ கூடாது.

உடம்போடு இருக்க வேண்டிய அமைப்பு

வேட்டிக்குப் பை கிடையாது. சட்டைப்பையில் பீடிக்கட்டும் சில்லறையும் செல்போனும் இருக்கும். குனிந்தால் எல்லாமே வாய்க்காலில் விழும். ஆகவே கிளிப் உள்ள விளக்கைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கிளிப் சட்டைப்பையின் ஓரத்தை இறுகப் பற்ற வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கழன்றுவிடக் கூடாது. பின்புறத்தில் கயிறு கோக்கத் துளை இருப்பது அவசியம். பூப்பறிக்கும் பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளவும், வேட்டி கட்டுபவர்கள் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்ளவும் அது பயன்படும். ஏ.ஏ. விளக்கு கட்டையோடு சேர்ந்து 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். இந்த எடையை யாரும் சுமையாக நினைத்துக் கழற்றி வைக்க மாட்டார்கள். 18650 விளக்கு 100 கிராமுக்கு மேல் போகும். மெல்லிய சட்டைப்பையை அது இழுத்துத் தொங்கவைக்கும் என்பதால், இடையில் செருகிக்கொள்பவர்களுக்கே பொருந்தும்.

பொத்தானை ஈரக்கையாலும், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலாலும் அழுத்திப் பார்க்க வேண்டும். பொத்தான் எங்கே என்று இருட்டில் தேட நேர்ந்தால் அந்த விளக்கு வேண்டாம். முதல் அழுத்தத்திலேயே மிதமான ஒளி வர வேண்டும். மினுக்கும் நிலைகள் வரிசையில் இடையே வந்து தொல்லை தரக் கூடாது. பையிலேயே தானாக அழுந்தி எரிந்து தீர்ந்துபோவதைத் தடுக்க, பூட்டும் வசதி உள்ளதா என்றும் கேட்க வேண்டும். பல உலோக விளக்குகளில் வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்னோட்டம் நின்றுவிடும்.

நீர் காப்புக்கு ஐ.பி.எக்ஸ்-4 என்றால் தெறிக்கும் மழைத்துளியைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்-7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. நமக்கு வேண்டியது இரண்டாவது. சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி உள்ள விளக்குகளில், அந்த மூடி சேற்றோடு திறந்திருந்தால் எந்த எண்ணும் உதவாது.

சில விளக்குகளின் அடியில் காந்தம் இருக்கிறது. முதலில் இதை விளையாட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவிலோ, டிராக்டரின் மட்கார்டிலோ ஒட்டவைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. பீஸ் போனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் குனியும் பழக்கம் நம்மிடையே உண்டு. உலோக உடல் கொண்ட விளக்கை வாயில் வைத்துக்கொண்டு மின்பெட்டிக்குள் தலையை நீட்டுவதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. காந்த விளக்கைப் பெட்டியின் வெளிப்புறத்தில் மட்டும், மெயின் சுவிட்சை அணைத்த பின்பே, ஒட்டவைக்க வேண்டும்.

பிடிக்கும் விதம்

விளக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் நிழல்கள் பொருள்களின் பின்னே மறைந்து, தரை தட்டையாகத் தோன்றும். இடுப்புக்குக் கீழே, தொடையை ஒட்டிப் பிடித்து இரண்டு மீட்டர் முன்னே அடித்தால், சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். குழியும் கம்பியும் படுத்திருக்கும் பாம்பும் நிழலால் தெரிந்துவிடும். நெற்றி விளக்கு பூப்பறிக்கவும் பால் கறக்கவும் வசதியானதே. நடப்பதற்கு அது அவ்வளவு ஏற்றதன்று; மேலும் மழைக்காலத்தில் பூச்சிகளையெல்லாம் முகத்துக்கே வரவழைக்கிறது.

பயிர்ப் பாதுகாப்பிலும் இச்சிறு விளக்குக்கு வேலை உண்டு. புரோடீனியா புழுவின் வளர்ந்த பருவம் பகலில் மண்ணிடுக்கிலும் சருகடியிலும் பதுங்கி, இரவில் வெளிவந்து இலையைத் தின்னும். பகலில் வயலைச் சுற்றிவிட்டு "புழுவே இல்லை, இலை மட்டும் போகிறது" என்பவர்கள் இரவு எட்டு மணிக்கு விளக்கோடு போய்ப் பார்க்கலாம். கத்தரித்து வீழ்த்தும் வெட்டுப்புழுவும் அவ்வாறே. நிலக்கடலை விவசாயிகள் கோடை மழை பெய்த பிறகு, இரவு 7 முதல் 9 மணி வரை, வேப்ப மரங்களிலும் முருங்கையிலும் கூடும் வெண்புழுவின் தாய் வண்டுகளைக் கிளையை உலுக்கிச் சேகரித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டு அழிக்கலாம். மருந்தைவிட மலிவான முறை இது. தேளுக்குப் புற ஊதா ஒளி விளக்கு என்று தனியே ஒன்று விற்கிறது. அவ்வொளியில் தேளின் உடல் பச்சையாக மின்னுவது உண்மையே. கூரை வீட்டிலும் விறகுக் குவியலிலும் தேடுவதற்கு அது உதவும்; ஆனால் கண்ணில் நேராகப் படக் கூடாது.

யானை வந்தால்

மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி ஊர்களுக்கு மேற்கே தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் உள்ளன. அங்கிருந்து யானைகள் ராகி, கரும்பு, தென்னையைத் தேடி வருவது விவசாயிகள் அறிந்ததே. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தில், சட்டவிரோதமாகப் போடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அந்தக் கம்பி மனிதரையும் விட்டுவைப்பதில்லை. பக்கத்து வரப்பில் தண்ணீர் பார்க்க வருபவருக்கு அது இருப்பதே தெரியாது. இரவில் அறிமுகமில்லாத வரப்பில் நடக்கையில் முழங்கால் உயரத்தை விளக்கால் துழாவிக்கொண்டே போக வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

யானையைக் கண்டால் அதன் முகத்தில் ஒளியை அடிக்கக் கூடாது. மினுக்கும் நிலையைப் போட்டு விரட்ட முயல்வதும் கூடாது. கண்கூசிய யானை ஒளி வந்த திசையை நோக்கியே பாயக்கூடும். விளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்தி, தாழ்ந்த நிலையில் வைத்து, வந்த வழியே ஓசையின்றிப் பின்வாங்கி, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டைப்பை விளக்கு யானையை விரட்டும் கருவி என்று எண்ணித் துணிச்சல் கொள்பவர்கள் இருப்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்கிய பின்

வாங்கிய அன்றே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பேட்டரியை முழுமையாக ஏற்றி, இருட்டறையில் விளக்கைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்து, நடு நிலையில் எரிய விட வேண்டும். அவ்வொளியில் இந்தப் பத்திரிகையின் எழுத்துகளைப் படிக்க முடிகிற நேரம் வரை எத்தனை மணி ஆகிறது என்று குறித்துக்கொண்டால், அதுவே உங்கள் விளக்கின் உண்மையான எரியும் நேரம். ஆறு மாதம் கழித்து இதே சோதனையைச் செய்தால் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

மருந்து தெளித்த கையால் விளக்கைத் தொட்டால், பிறகு அதே விளக்கைக் குழந்தை எடுக்கும் என்பதை நினைவில் கொண்டு சோப்பு நீர்த் துணியால் துடைத்துவைக்க வேண்டும். திருகுமரையில் மண் சேர்ந்தால் பழைய துணியால் துடைத்து, துளி சிலிகான் கிரீஸ் தடவலாம். தேங்காய் எண்ணெய் ரப்பர் வளையத்தை ஊதச் செய்யும், அது வேண்டாம். புதிய கட்டையையும் பழைய கட்டையையும் சேர்த்துப் போடக் கூடாது. லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் விட்டுவைக்க வேண்டாம். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றக் கூடாது. தீர்ந்துபோன பேட்டரிகளைக் குப்பைக்குழியிலோ, கிணற்று மேட்டிலோ எறிவதும், சருகோடு சேர்த்துக் கொளுத்துவதும் தவறு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் கடமை. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, நகரத்துக்குப் போகும்போது மின்சாதனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.